ஈயின் இறக்கையில் தொடங்கிய போட்டி

புற்றுநோய் என்றால் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது என்று பள்ளியிலேயே படித்திருப்போம். சரி, பக்கத்தில் இருக்கும் நல்ல செல்கள் அப்போது என்ன செய்யும்? சும்மா வேடிக்கை பார்க்குமா? இந்தக் கேள்விக்கு விடை ஒரு பழ ஈயிடமிருந்துதான் வரத் தொடங்கியது.

1975-ல் ஸ்பெயினைச் சேர்ந்த கினெஸ் மொராட்டாவும் பெட்ரோ ரிப்போலும் 'மைன்யூட்' என்ற மரபணுக் குறை உள்ள பழ ஈக்களை ஆராய்ந்தார்கள். இந்த ஈக்கள் மெதுவாக வளரும். ஆனாலும் பிழைத்து முழு ஈயாகிவிடும். ஒரே இறக்கையில் மைன்யூட் செல்களும் சாதாரண செல்களும் கலந்திருந்தபோதுதான் ஆச்சரியம். மைன்யூட் செல்கள் காணாமலே போயின! தனியாக இருந்தால் வாழும் செல், வலுவான அண்டை செல் வந்தால் தோற்றுவிடுகிறது. இதற்குத்தான் 'செல் போட்டி' என்று பெயர்.

2004-ல் கதை தலைகீழானது. 'மிக்' என்ற மரபணு கூடுதலாக வேலை செய்யும் செல்கள், ஆரோக்கியமான செல்களையே சாகடித்து அந்த இடத்தைப் பிடிப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஈயில் கண்டன. இறக்கையின் அளவு மட்டும் மாறவே இல்லை. மனிதர்களின் பல புற்றுநோய்களிலும் இதே மிக் அளவுக்கு மீறி இயங்குகிறது. அப்படியென்றால், கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆக்கிரமிப்பு ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம். பயமாக இருக்கிறது அல்லவா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது பேரின் ஆரோக்கியமான உணவுக்குழாயைச் சோதித்தது. நடுத்தர வயதுக்குள் அதன் பெரும்பகுதியை மரபணு மாறிய செல்கள் பிடித்திருந்தன. அவற்றில் 'நாட்ச்1' மாற்றம் மிக அதிகம். வேடிக்கை என்னவென்றால், உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இந்த மாற்றம் அதைவிடக் குறைவு! 2021-ல் எலிகளில் ஒரு விளக்கம் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் இருந்த மரபணு மாறிய செல்கள், அப்போதுதான் முளைத்த சின்னஞ்சிறு கட்டிகளைப் போட்டியில் தள்ளி வெளியேற்றிவிட்டன.

ஆக, செல் போட்டி கட்டியை வளர்க்கவும் செய்யும், முளையிலேயே கிள்ளவும் செய்யும். மரபணு மாறிய செல் என்றாலே எதிரி என்று முடிவு கட்டிவிட முடியாது. அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐம்பது வருடங்களுக்கு முன் அந்த ஈயின் இறக்கை சொன்னதும் இதைத்தானே!