கரடுமுரடான மலைப்பாதையில் நெடுநடையின் வேகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, பதினான்கு மாநிலங்களைக் கடந்து, மேன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தில் முடியும் அப்பலாச்சியப் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. 1921-இல் பென்டன் மெக்கை என்பவரால் முன்மொழியப்பட்டு 1937-இல் முற்றுப்பெற்ற இப்பாதையை ஒரே மூச்சில் நடந்து முடிக்க விரும்பித் தெற்கிலிருந்து புறப்படுவோர், நாளொன்றுக்கு 25, 30 கிலோமீட்டர் என்று பல மாதங்கள் நடந்து, தேகம் இறுகி, நடையில் தேர்ந்தவர்களாகி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெண்மலைத் தொடரை அடைந்தபின், அதுகாறும் ஈட்டிய வேகத்தில் பாதியைக் காப்பதற்கே பெரிதும் பிரயாசைப்படுகின்றனர்.

இம்மந்தகதிக்கு மலையின் உயரமே காரணமென்று கருதுவது இயல்பாயினும், அக்கருத்து பொருந்தாது. இப்பாதையின் மிக உயர்ந்த இடமாகிய குவோஹி சிகரம் 2,025 மீட்டர் உயரத்தில் தெற்கே, டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது. மேற்குக்கரை மாநிலங்களின் வழியே செல்லும் பசிபிக் கிரெஸ்ட் பாதையோ ஃபாரஸ்டர் கணவாயில் 4,000 மீட்டரையும் தாண்டுகிறது. எனினும் அவ்விடங்களில் நடையின் வேகம் இத்துணை குன்றுவதில்லை. மாறாக, அப்பலாச்சியப் பாதையிலேயே மிகக் கடினமான மைல் என்று நடையர்களிடையே பெயர்பெற்ற மஹூசக் நாட்ச், மேன் மாநிலத்தின் மேற்கெல்லையருகே, 800 மீட்டருக்கும் தாழ்ந்ததொரு பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. ஆகவே வேகத்தை நிர்ணயிப்பவை, பாதம் படியும் நிலத்தின் தன்மையும், அந்நிலத்தின்மேல் பாதை வகுக்கப்பட்ட முறையுமே என்பது தெளிவு.

நிலத்தின் தன்மை பனியூழியால் விளைந்தது. நியூ ஹாம்ப்ஷயரும் மேனும் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதி முழுவதையும் மூடி நகர்ந்த பெரும் பனிப்படலம், மேல்மண்ணைச் சுரண்டியெடுத்துக் கருங்கற்பாறைகளை வெளிப்படுத்தியும், உடைந்த பாறைகளை வழியெங்கும் சிதறவிட்டும் சென்றது. அப்பனி எட்டாத தென் அப்பலாச்சியப் பிரதேசத்தில் மண் ஆழமாகவும் சரிவுகள் மழுங்கியும் இருக்கின்றன. வடக்கே எஞ்சிய மெல்லிய மண்ணில் ஸ்புரூஸ் மரங்களின் வேர்கள் ஆழ இறங்க வகையின்றி நிலத்தின்மீதே பின்னிப் படர்கின்றன. இதனோடு மனிதரின் பங்கும் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் வழி வகுத்தவர்கள் பலர், சிகரத்தையே குறியாகக் கொண்டு, நீர் வழியும் போக்கிலேயே பாதையை நேராக ஏற்றிவிட்டனர். பசிபிக் கிரெஸ்ட் பாதையோ குதிரைகளும் செல்லத்தக்கவாறு, கொண்டை ஊசி வளைவுகளால் சாய்வு மட்டுப்படுத்தப்பட்டு அமைந்தது. நேர்ப்பாதையில் மழைநீர் ஓடையாகப் பாய்ந்து மண்ணை அரித்துச் செல்வதால், நாளடைவில் பாதையாக மிஞ்சுவன கல்லும் வேருமே. வெண்மலைத் தொடரிலுள்ள மூசிலாக் மலையில் பீவர் புரூக் அருவியோரமாக இறங்கும் வழியில், பாறையிலேயே மரக்கட்டைகளையும் இரும்புப் பிடிகளையும் பதித்துப் படியாக்க நேர்ந்ததைக் கொண்டு அச்சரிவின் கடுமையை ஊகிக்கலாம்.

மலைநடைக்குரிய காலத்தைக் கணிக்க ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெயிஸ்மித் 1892-இல் ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏற்றம் 2,000 அடிக்கு மேலும் ஒரு மணி நேரம். இவ்விதிப்படி, பெரிய ஏற்றமில்லாத மஹூசக் நாட்சின் ஒரு மைலை அரைமணிக்குள் கடந்துவிடலாம். ஆனால் வீடளவு பெருத்த பாறைகளின் மேலும் கீழும் இடுக்குகளிலும், சில இடங்களில் முதுகுச்சுமையைக் கழற்றி முன்னே தள்ளியும் செல்லவேண்டிய அவ்விடத்தில், பலருக்கு இரண்டு மணி நேரம் கழிகிறது. காரணம், நெயிஸ்மித்தின் விதி காலுக்குச் சீரான நிலம் கிடைக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. இரண்டரைச் சென்டிமீட்டர் வரையிலான மேடுபள்ளமுள்ள தளத்தில் நடப்பதற்கே சமதளத்தைவிட 28 விழுக்காடு மிகுந்த சக்தி செலவாவதாக 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கண்டது. முழங்காலளவு பாறைகளிடையே ஒவ்வோர் அடியும் ஒரு தனித் தீர்மானமாகிவிடுகிறது. கண்கள் தொலைவை விட்டு அடுத்த இரண்டு மூன்று அடிகளிலேயே பதிந்து நிற்கின்றன. இறக்கமும் இளைப்பாறுதலன்று: தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்தவேண்டியிருப்பதால், ஏற்றத்தில் தோன்றாத வலி இறக்கத்துக்குப்பின் ஓரிரு நாட்களில் தோன்றுகிறது.

வானிலையும் தாமதத்தைப் பெருக்குகிறது. ஈரமான பாறை வழுக்கும். வெண்மலைகளின் மரங்களற்ற பிரசிடென்ஷியல் முகடுகளிலோ காற்றுக்கு மறைவே இல்லை. அத்தொடரிலுள்ள வாஷிங்டன் சிகரத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாயிற்று. மேலும், மெதுவாக நடப்பவர் அதே தூரத்துக்கு அதிக நாட்களுக்குரிய உணவைச் சுமக்கவேண்டும். அச்சுமை அவரை இன்னும் மெதுவாக்கும்.

நியூ ஹாம்ப்ஷயரும் மேனும் சேர்ந்து சுமார் 700 கிலோமீட்டர், அதாவது முழுப்பாதையில் ஐந்தில் ஒரு பங்கே. ஆயினும் தெற்கில் கண்ட வேகத்தை வைத்து இப்பகுதிக்கு நாள் குறிப்பது தவறு. கட்டாடின் அமைந்துள்ள பாக்ஸ்டர் பூங்காவில் அக்டோபர் 15-க்குள் நடையை முடித்துவிடுமாறு நடையர்கள் அறிவுறுத்தப்படுவதால், வடக்கு நோக்கிச் செல்வோர் வெண்மலைகளுக்கும் தென் மேனுக்கும் தாராளமாக நாட்களை ஒதுக்கிக்கொண்டே புறப்படவேண்டும்.