ஃபிரைடே ஆன் மை மைண்ட்

ஃபிரைடே ஆன் மை மைண்ட் என்பது ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவான தி ஈசிபீட்ஸ் 1966-இல் வெளியிட்ட தனிப்பாடல் இசைத்தட்டு. குழுவின் கிதார் கலைஞர்களான ஹாரி வாண்டாவும் ஜார்ஜ் யங்கும் இணைந்து எழுத, ஸ்டீவி ரைட் பாடினார். வாரம் முழுவதும் அலுப்பூட்டும் வேலையில் உழன்று, வெள்ளிக்கிழமை மாலைக்காகக் காத்திருக்கும் தொழிலாளியின் மனநிலையே பாடலின் பொருள். உலக அளவில் வெற்றி பெற்ற முதல் ஆஸ்திரேலிய ராக் பாடலாக இது பரவலாகக் கருதப்படுகிறது.

பின்னணி

ஈசிபீட்ஸ் குழு 1964-இல் சிட்னியில் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளே அதன் ஐவரும். வாண்டாவும் பேஸ் கிதார் வாசித்த டிக் டயமண்டும் நெதர்லாந்துக்காரர்கள். ரைட்டும் டிரம்ஸ் கலைஞர் ஸ்னோயி ஃபிளீட்டும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள். யங் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்தவர். புதிதாக வந்திறங்கியவர்களை அரசு தங்கவைத்த வில்லவுட் குடியேறிகள் விடுதியே குழு உருவான களம். அங்கிருந்த குடும்பங்கள் பல ஆலை வேலையையும் கூலி வேலையையும் நம்பி வாழ்ந்தன.

தொடக்கத்தில் குழுவின் பாடல்களைப் பெரும்பாலும் ரைட்டும் யங்கும் எழுதினர். வாண்டாவின் ஆங்கிலம் தேறிய பிறகு வாண்டா–யங் இணை உருவானது. 1966-இன் நடுவில் குழு லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. தி கிங்க்ஸ், தி ஹூ ஆகிய குழுக்களின் ஆரம்பகால இசைத்தட்டுகளைத் தயாரித்த ஷெல் டால்மி அங்கே இப்பாடலைத் தயாரித்தார்.

அமைப்பும் கருப்பொருளும்

பாடல் திங்கட்கிழமை காலையின் சலிப்பில் தொடங்கி, ஒவ்வொரு நாளாக எண்ணிச் செல்கிறது. வார நடுவில் பொழுது நகர மறுக்கிறது. வெள்ளி வந்ததும் காதலியோடு நகரத்துக்குப் போய், கையிலிருக்கும் சம்பளத்தைச் செலவழித்துக் கொண்டாடும் கனவு விரிகிறது. இரண்டாம் சரணத்தில், பணக்கார முதலாளிக்காக உழைப்பதன் எரிச்சலும் இந்த நிலையை என்றாவது மாற்ற வேண்டும் என்ற ஆசையும் தலைகாட்டுகின்றன. ஆனால் அதற்குள் அடுத்த வாரம் தொடங்கிவிடுகிறது.

இசையும் இதே சுழற்சியைப் பின்பற்றுகிறது. துண்டு துண்டாக ஒலிக்கும் கிதார் சுரங்கள் சரணத்தில் இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகின்றன. மைனர் சாயலில் நகரும் மெட்டு, பல்லவியில் மேஜருக்கு மாறும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. சுவிங்கிள் சிங்கர்ஸ் என்ற குரலிசைக் குழுவின் பாணியிலிருந்து தொடக்கக் கிதார் பகுதிக்கான தூண்டுதல் கிடைத்ததாக வாண்டா கூறியுள்ளார்.

வரவேற்பு

ஆஸ்திரேலிய விற்பனைத் தரவரிசையில் பாடல் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் 6-ஆம் இடத்தையும், 1967-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 16-ஆம் இடத்தையும் எட்டியது. இதற்கு ஈடான வெளிநாட்டு வெற்றி குழுவுக்கு மீண்டும் வாய்க்கவில்லை. 1969-இல் குழு கலைந்தது.

பிற பதிவுகள்

டேவிட் போவி 1973-இல் வெளியிட்ட பின் அப்ஸ் தொகுப்பில் இதைப் பாடினார். வட அயர்லாந்தின் கிதார் கலைஞர் கேரி மூர் 1987-இல் வெளியிட்ட வடிவம் பிரிட்டனில் 26-ஆம் இடம் பெற்றது.

தாக்கம்

வாண்டாவும் யங்கும் பின்னர் சிட்னிக்குத் திரும்பி இசைத் தயாரிப்பாளர்களாயினர். யங்கின் தம்பிகள் மால்கமும் ஆங்கஸும் தொடங்கிய ஏசி/டிசி குழுவின் ஆரம்பகாலத் தொகுப்புகளைத் தயாரித்தவர்கள் இவர்களே. ஆஸ்திரேலிய இசையுரிமை அமைப்பான ஆப்ரா, 2001-இல் தன் 75-ஆம் ஆண்டு நிறைவையொட்டி இசைத்துறையினரைக் கொண்டு நாட்டின் சிறந்த பாடல்களைத் தெரிவுசெய்தபோது இப்பாடலுக்கே முதலிடம் கிடைத்தது. 2007-இல் ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் இதைத் தன் ஒலிப்பதிவேட்டில் சேர்த்தது.