பீடமும் பிரசங்க மேடையும்

கிறிஸ்தவ ஆலயங்களை வேறுபடுத்தி அறிய முற்படுவோர் பெரும்பாலும் கோபுரத்தையும் வளைவையும் யன்னலையுமே நோக்குவர். ஆயின், இவை காலத்தையும் நாட்டையும் காட்டும் அளவுக்குச் சபையைக் காட்டுவனவல்ல. கண்டித் திரித்துவக் கல்லூரியின் அங்கிலிக்கன் ஆலயம் கண்டியரசின் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களோடு எழுந்தது. அதனால் அதன் வழிபாடு மாறிவிடவில்லை. உள்ளே கூடுவோரின் கண்கள் எதனை நோக்கித் திருப்பப்படுகின்றன என்பதே சபைகளுக்கிடையிலான கட்டட வேறுபாட்டின் அடிப்படை எனலாம்.

கீழைத்தேய வைதீகத் திருச்சபையின் ஆலய மரபிலே, கொன்ஸ்தாந்திநோபிளில் 537 ஆம் ஆண்டு நிறைவெய்திய ஹாகியா சோபியாவின் குவிமாடம் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. குவிமாடம் விண்ணுலகின் குறியீடாகக் கொள்ளப்பட்டது. பீடத்துக்கும் மக்களுக்கும் இடையே தொடக்கத்தில் இருந்த தாழ்ந்த தடுப்பு, பிற்காலத்தில் திருவுருவங்கள் நிறைந்த உயர்ந்த திரைச்சுவராக வளர்ந்தது. அதன் நடுவாயிலூடாகக் குருமாரே செல்வர். மறைபொருளின் புனிதத்தை மறைப்பினாலேயே உணர்த்துதல் இவ்வமைப்பின் நோக்கமாகும்.

மேலைத்தேயத்தில் நிகழ்ந்த மாற்றம் இதற்கு மாறானது. மத்திய காலப் பேராலயங்கள் பலவற்றில் குருமாரின் பகுதியை மக்களிடமிருந்து தடுப்புகள் பிரித்தன. திரெந்துப் பொதுச்சங்கத்தின் (1545–1563) பின்னர் எழுந்த கத்தோலிக்க ஆலயங்களோ பீடத்தை மக்கள் பார்வைக்குக் கொணர்ந்தன. உரோமாபுரியில் 1568 இல் தொடங்கி 1584 இல் அபிஷேகம் செய்யப்பட்ட இயேசு சபையாரின் ஜேசு ஆலயம் இதற்குத் தக்க சான்று. இடைத்தடுப்பற்ற அகன்ற ஒரே மண்டபம், அதன் முடிவிலே பீடம், இரு மருங்கிலும் சிற்றாலயங்கள் என்பன அதன் அமைப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின்னர், குருவானவர் மக்களை நோக்கி நின்று பூசை நிறைவேற்றும் வகையில் பல ஆலயங்களில் பீடம் முன்னோக்கி அமைக்கப்பட்டது.

புரட்டஸ்தாந்தர் அனைவரும் ஒரே வழியில் செல்லவில்லை. லூதரன் சபையினர் பீடத்தையும் ஓவியங்களையும் பெரிதும் பேணினர். கல்வினைப் பின்பற்றிய சீர்திருத்தச் சபையினரோ அவற்றை விலக்கினர். நெதர்லாந்துப் பகுதியில் 1566 இல் சுரூபங்கள் உடைக்கப்பட்டன. பின்னர் அம்ஸ்ரடாமில் அச்சபைக்கெனவே எழுப்பப்பட்ட வடக்கு ஆலயம் (1620–1623) நான்கு கைகளும் சமமான சிலுவை வடிவினது. பிரசங்க மேடையைச் சூழ மக்கள் அமர்ந்தனர். பீடம் இருந்த இடத்தைப் போதகரின் குரல் பெற்றது.

இவ்வேறுபாட்டை யாழ்ப்பாண வரலாறு நேரிலே காட்டுகின்றது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயரின் ஆலயங்களைத் தமது சபைக்கு உரியனவாக்கினர். அவ்வாறு கைமாறியவற்றுள் ஒன்றான வட்டுக்கோட்டை ஆலயம், 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரிடம் பின்னர் சென்று, 1947 இல் உருவான தென்னிந்திய திருச்சபைக்கு உரியதாயிற்று. யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706 இல் ஒல்லாந்தர் எழுப்பிய ஆலயமும், 1757 இல் திறக்கப்பட்ட கொழும்பு வுல்வெந்தால் ஆலயமும் சமச்சிலுவை வடிவின. அம்ஸ்ரடாமின் கட்டட மரபு கடல்கடந்து வந்தமைக்கு இவை சான்று பகர்கின்றன.

எனினும், இது கட்டடக்கலையோடு மட்டும் நின்ற மாற்றமன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். பீடத்தை இழந்த கத்தோலிக்கர் வீடுகளில் மறைவாகக் கூடினர். 1687 இல் வந்த யோசேவாஸ் அடிகள் அவர்களிடையே இரகசியமாகப் பூசை நிறைவேற்றினார். கட்டடம் ஆட்சியாளரிடமும் பழைய வழிபாடு மக்களிடமும் இருந்த காலம் அது.

கோட்டை ஆலயம் அண்மைக்கால உள்நாட்டுப் போரில் இடிந்து சிதைவுற்றது. எஞ்சிய கற்களைப் பேணுவோர் அதன் நீள அகலங்களை அளப்பதோடு அமைதல் போதாது. அங்கே யார் பேசினர், யார் கேட்டனர், யாருடைய வழிபாட்டுக்கு அக்காலத்தில் இடம் மறுக்கப்பட்டது என்பனவும் ஆராயப்படுதல் வேண்டும். அப்பொழுதே ஆலய வரலாறு மக்கள் வரலாறாகவும் அமையும்.