ஜெர்மனி பணத்தில் ஒரு பிரெஞ்சு காமெடி! 1942-ல் பாரிஸ் சிரித்த படத்தின் பின்னணி என்ன?

பாரிஸில் ராத்திரி நேரம். லாட்டரியில் பணம் விழுந்த ஒரு ஏழை, மதுக்கடையிலிருந்து வெளியே வருகிறார். பின்னாலேயே ஒருத்தன். அடுத்து கொலை. சடலத்தின் அருகே ஒரு விசிட்டிங் கார்டு: 'மிஸ்யூ துரான்'.

இப்படி ஆரம்பிக்கிற படம் காமெடி என்றால் நம்ப முடியுதா? 'கொலைகாரன் 21-ல் குடியிருக்கிறான்' என்பது படத்தின் பெயர். இயக்குநர் க்ளூசோவுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம்.

கொலைகாரன் 21-ம் எண் விடுதியில் தங்கியிருப்பதாக இன்ஸ்பெக்டர் வென்ஸுக்குத் துப்பு கிடைக்கிறது. பாதிரியார் வேஷம் போட்டு அங்கே ரூம் எடுக்கிறார். பேர் வாங்கத் துடிக்கும் பாடகியான அவரது காதலி மிலாவும் பின்னாலேயே வந்து நிற்கிறார். இருவரும் போடும் சண்டைதான் படத்தின் உயிர். கொலைகாரன் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை!

காசு யாருடையது?

1940 ஜூனில் பாரிஸ் நாஜிகளின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஜெர்மானியர்கள் அங்கே தொடங்கிய கம்பெனிதான் 'கான்டினென்டல் ஃபிலிம்ஸ்'. தலைவர் ஆல்ஃப்ரட் க்ரேவன். நடிகர்கள், டெக்னீஷியன்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள். பணமும் அதிகாரமும் ஜெர்மனியுடையது. ஹாலிவுட் படங்களுக்குத் தடை இருந்ததால் தியேட்டரில் போட்டியே இல்லை. மொத்தம் 30 படங்கள் எடுத்தார்கள்.

பிரெஞ்சு மக்களுக்கு லேசான, சரக்கில்லாத படங்கள் போதும் என்பது நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸின் எண்ணம். க்ரேவன் தரமான படங்களை எடுத்தது அவருக்கு எரிச்சல்தான்.

இந்தப் படத்தில் போர் இல்லை, ரேஷன் க்யூ இல்லை, ஜெர்மன் சிப்பாயும் இல்லை. ஆனால் வெளியே? 1942 ஜூலையில் பாரிஸ் போலீஸ் இரண்டே நாளில் சுமார் 13 ஆயிரம் யூதர்களைப் பிடித்தது. அடுத்த மாதமே இந்தப் படம் ரிலீஸ். சினிமாத் துறையிலும் யூதர்கள் வேலை பார்க்கத் தடை. இத்தனைக்கும் நடுவில், யூதத் தந்தைக்குப் பிறந்த, எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த லெ ஷனுவா என்பவர் இதே கான்டினென்டலுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார்.

விடுதலைக்குப் பிறகு கணக்குத் தீர்க்கப்பட்டது. வென்ஸாக நடித்த பியேர் ஃப்ரெனே சில வாரங்கள் சிறையில் இருந்தார். க்ளூசோவுக்கு வாழ்நாள் தடை. அதற்கு முக்கியக் காரணம் இந்தக் காமெடி அல்ல. 1943-ல் அதே கம்பெனிக்காக எடுத்த 'லெ கார்போ' என்ற இருண்ட படம். தடை பின்னர் இரண்டு ஆண்டாகக் குறைந்தது.

1947-ல் 'கே தே ஓர்ஃபேவ்ர்' படத்துடன் க்ளூசோ திரும்பி வந்தார். நாயகி, மிலாவாக நடித்த அதே சூசி டெலேர். கதையும், முதல் படத்துக்குக் கதை கொடுத்த அதே பெல்ஜிய எழுத்தாளர் ஸ்டீமனுடைய நாவல்தான்.