கருவாட்டுப் பூசணம்: உப்பும் ஈரமும்

தூத்துக்குடிக் கரையில் உப்பளமும் மீன்பாடும் அருகருகே இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவாட்டின் தரத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் உப்புவரியே எனலாம். பிரான்சிஸ் டே 1873இல் இந்தியக் கடல்மீன்வளம் பற்றிய தமது அறிக்கையை வெளியிட்டதன் பின்னர், சென்னை அரசு மீன் பதனிடும் முற்றங்களைத் திறந்து, அங்கு கொண்டுவரப்படும் மீனுக்கு வரியில்லா உப்பை வழங்கிற்று.

ஆயினும் உப்பு மட்டும் பூசணத்தைத் தடுத்துவிடாது. தென்கரையில் வழங்கும் குழிக்கருவாடு, குடல் நீக்கிய மீனில் உப்பிட்டு, ஓலைப்பாயில் சுற்றி, மணற்குழியில் இரண்டு மூன்று நாள் புதைத்தெடுப்பது. அதன் மென்மையும் சுவையும் எந்த ஈரத்தால் வருகின்றனவோ, அந்த ஈரமே ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணத்துக்கு விருந்தாகிறது.

கருவாட்டில் படரும் செந்நிறம் பூசணமன்று, உப்பை விரும்பும் நுண்ணுயிர்களின் வேலை. மிளகுத்தூள் சிதறியதுபோன்ற பழுப்புப் புள்ளிகள் வாலீமியா என்னும் பூஞ்சையைச் சுட்டுகின்றன. வெண்பொடியாய்ப் படர்வது பாலிபீசிலம் பிஸ்ஸே ஆகலாம். பின்னதைப் பிட், ஹாக்கிங் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் இந்தோனேசியக் கருவாட்டிலிருந்து பிரித்து 1985இல் பெயரிட்டனர். நிறத்தை மட்டும் நம்புவது பிழையாகும். நுண்ணோக்கியில் வித்துகளின் அமைப்பைக் கண்டே இனத்தை உறுதிசெய்ய வேண்டும்.

வழக்கமான ஊட்டக்கூழில், அதாவது கடற்பாசிப் பிசினால் உறையவைத்த உணவுக்கலவையில், இவற்றுள் பல நன்கு வளர்வதில்லை; ஆதலால் அதில் உப்பும் குளுக்கோசும், சில வேளை கிளிசராலும் சேர்த்து, தண்ணீரின் தாராளத்தைக் குறைத்து, 25 பாகை செல்சியசில் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டு மூன்றாம் நாளே தட்டைக் கழித்தால், விரைந்து வளரும் வேறு பூஞ்சைகளே கணக்கில் ஏறும்.