கலைத்துப் போட்ட நூறு துப்பாக்கிகள்

பட்டறையில் போய் ‘ஸ்பேர் பார்ட் இருக்கா?’ என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். ஒரு பாகம் இன்னொன்றுக்குப் பதிலாகப் பொருந்தும் என்ற நம்பிக்கை, பெருமளவுக்கு ஒற்றைத் தோட்டா துப்பாக்கிகள் தந்தது என்பேன்.

1819ல் ஜான் ஹால் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலைக்கு வந்தார். பின்பக்கமாக மருந்து அடைக்கும் அவருடைய துப்பாக்கியில் எந்தப் பாகமும் எதற்கும் பொருந்தியாக வேண்டும், அப்படியொரு பிடிவாதம். முதல் 1,000 துப்பாக்கிகள் முடிய 1825 ஆகிவிட்டது. செலவைப் பற்றி ஒரே முணுமுணுப்பு. 1826ல் ஆய்வுக்குழு வந்தது. 100 துப்பாக்கிகளைக் கழற்றி, பாகங்களைக் கலைத்து, புதுக் கட்டைகளில் பூட்டிப் பார்த்தது. பொருந்தின! 1834க்குள் கனெக்டிகட்டில் சிமியோன் நார்த் செய்த பாகங்களும் ஹாலின் துப்பாக்கிக்குப் பொருந்தின.

ஆனால் ஹால் ஜெயித்தது இரும்பை மட்டுமல்ல. அரம் பிடித்துப் பழகிய கொல்லனின் கையையும்தான். இயந்திரத்தை ஓட்ட அந்தக் கை வேண்டியதில்லை. இதைச் சாதனை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் கை நேபாளத்தில் நிறைய காலம் தங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெஹேந்திர ராணாவின் துப்பாக்கி, மார்ட்டினி பாணியில், கையாலேயே செய்யப்பட்டது. ஒன்றின் பாகம் மற்றொன்றில் சேராது. 2003ல் காட்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து அவை அமெரிக்க வியாபாரிகளிடம் போயின. இன்று அவற்றுக்கு உதிரிபாகம் கடைகிறவர், எவ்வளவு நல்ல இயந்திரம் வைத்திருந்தாலும், கொஞ்சம் உலோகத்தைக் கூடுதலாக விட்டுவைப்பதே நல்லது. மிச்சத்தை வாங்கியவர் அரத்தால் ராவிக்கொள்ள வேண்டும்.