தெருவில் பெண்களுக்கு நேரும் தொல்லை: தமிழ்நாட்டில் சட்டமும் அக்கம்பக்கத்தின் பொறுப்பும்

தெரு, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், கடைவீதி, கோயில் திருவிழா போன்ற பொது இடங்களில் பெண்ணை அச்சுறுத்தியோ கூச வைத்தோ நடந்துகொள்ளும் செயல்கள் அனைத்தும் தெருத் தொல்லை எனப்படும். ஆபாசமாகப் பேசுவது, பாட்டுப் பாடிச் சீண்டுவது, கூட்ட நெரிசலைச் சாக்காக வைத்து உரசுவது, வண்டியில் உடன் வந்து வழிமறிப்பது, கேட்காமல் படம் பிடிப்பது, நாள்தோறும் ஒரே இடத்தில் காத்திருந்து பின்தொடர்வது என இதற்குப் பல வடிவங்கள் உண்டு. இவற்றில் பின்தொடர்தலே மிகவும் அபாயமானது. ‘ஒருதலைக் காதல்’ என்று ஊர் இரக்கத்தோடு பேசும் பல சம்பவங்கள் சட்டத்தின் பார்வையில் குற்றமே. அவை கொலையில் முடிந்ததும் உண்டு. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில், நடைமேடையில் ஆட்கள் இருக்கும்போதே, ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்ததற்கு ஒரு மரணமே காரணம். 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த கும்பலின் சீண்டலால் கீழே விழுந்து, தலையில் பட்ட காயத்தால் உயிரிழந்தார். அந்த மாதமே அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அது பின்னர் 1998-ஆம் ஆண்டின் 44-ஆவது சட்டமாக நிறைவேறியது. முதலில் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் என்றிருந்த இது, பிறகு தமிழ்நாடு பெண்ணுக்குத் தொல்லை தருவதைத் தடைசெய்யும் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் தண்டனையை உயர்த்தியது.

இச்சட்டத்தின் தனிச்சிறப்பு, தொல்லை தந்தவரோடு நின்றுவிடாமல் இடத்தின் பொறுப்பாளரையும் பொறுப்பாக்குவதுதான். கல்வி நிறுவனம், வழிபாட்டுத் தலம், திரையரங்கு போன்ற இடங்களை நடத்துவோர் தம் எல்லைக்குள் தொல்லை நடவாமல் தடுக்க வேண்டும். நடந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஓடும் பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லக் கடமைப்பட்டவர்கள். நடைமுறையில் நடப்பதோ வேறு. ‘கொஞ்சம் தள்ளி நில்லுப்பா’ என்று அவனிடமும், ‘நீ முன்னால வந்து நில்லும்மா’ என்று அவளிடமும் சொல்லிவிட்டு நடத்துநர் அடுத்த டிக்கெட்டைக் கிழிப்பார். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவான். பயணிகளுக்கு நேரமாகிறது என்பது உண்மைதான். ஆனால் சட்டம் அந்தத் தாமதத்தை அறிந்தே கடமையை விதித்திருக்கிறது.

இப்பொருளில் உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்தே பிறந்தது. 1999 ஜூலையில், குற்றாலம் சீசன் பாதுகாப்புப் பணிக்கு அனுப்பப்பட்ட காவலர் ஒருவர், தென்காசி பேருந்து நிலையத்தில் கணவரோடு காத்திருந்த பெண்ணிடம் குடிபோதையில் அத்துமீறினார். துறை விசாரணையில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் குற்ற வழக்கில் புகார் கொடுத்த தம்பதியே பிறழ்சாட்சியானதால் விடுதலையாகிவிட்டார். அதைக் காட்டி உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, பணிநீக்கம் சரியே என்றது. கூடவே மாநிலங்கள் அனைத்துக்கும் நெறிமுறைகளையும் வகுத்தது: பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்கள், முக்கிய இடங்களில் கேமரா, நகரங்களில் மகளிர் உதவி எண் ஆகியவை அவற்றில் அடங்கும். தொல்லையைக் காணும் வழிப்போக்கரும் காவல் நிலையத்துக்கோ உதவி எண்ணுக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு நெறிமுறை. அதிகம் மறக்கப்பட்டது இதுதான்.

மத்தியச் சட்டத்தில், 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் பாலியல் தொல்லையையும் பின்தொடர்தலையும் தனிக் குற்றங்களாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 75, 78-ஆம் பிரிவுகளில் வருகின்றன. பாலியல் நோக்கோடு பேசினால் ஓராண்டு வரையும், தகாத முறையில் தொட்டால் மூன்றாண்டு வரையும் சிறை. பின்தொடர்தலுக்கு முதல் முறை மூன்றாண்டு வரை, மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை. சொல், சைகையால் பெண்ணை இழிவுபடுத்துவது 79-ஆம் பிரிவில் வரும். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவரானால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். பாலியல் நோக்கோடு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் அச்சட்டத்தின்படி பாலியல் தொல்லையே.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னணு வழியாகக் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். இத்தகைய குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பலருக்கு முதலில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம். தேதி, நேரம், இடம், வண்டி எண், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைப்பது வழக்கில் பெரிதும் உதவும். பின்தொடர்தலில் ஒவ்வொரு நாள் நிகழ்வும் தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றும். தொடர்ச்சியைக் காட்டும்போதுதான் குற்றம் புலப்படும்.

இவ்வளவு இருந்தும் புகார்கள் குறைவாகவே வருவதற்குக் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. ‘அந்தத் தெருவுல ஒருத்தன் பின்னாலேயே வர்றான்’ என்று மகள் சொன்னால், டியூஷனை நிறுத்துவது, படிப்பை நிறுத்துவது, சீக்கிரம் மாப்பிள்ளை பார்ப்பது என்றே பல வீடுகள் நினைக்கின்றன. தொல்லை தந்தவன் தெருவில் இருக்க, தொல்லைக்கு ஆளானவள் வீட்டுக்குள் போகிறாள். இது தெரிந்த பெண்கள் சொல்லாமலே சமாளிக்கிறார்கள்: சுற்றுவழியில் நடக்கிறார்கள், பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிறார்கள். புகார் சொன்னவளின் படிப்பும் நடமாட்டமும் குறையாது என்ற உறுதியைக் குடும்பம் தராதவரை எந்த உதவி எண்ணாலும் பெரும் பயன் இராது.

நேரில் காண்பவர் சண்டைக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. அந்தப் பெண்ணருகே போய் நின்று, தெரிந்தவர் போல ‘ஏம்மா, அம்மா நல்லா இருக்காங்களா?’ என்று பேச்சுக் கொடுத்தாலே தொல்லை தருபவன் பெரும்பாலும் விலகுவான். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடலாம். அவசர உதவி எண் 112 அல்லது மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். பிறகு சாட்சி சொல்லத் தயாராக இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

தெருவின் அமைப்பும் தொல்லையைக் கூட்டும், குறைக்கும். மாலை முழுதும் பூக்கடையும் இஸ்திரி வண்டியும் இட்லிக் கடையும் இருக்கும் தெருவில் எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அழகுபடுத்துவதாகச் சொல்லி அவற்றை அப்புறப்படுத்தி, இருபுறமும் உயரமான மதில் எழுப்பினால் தெரு வெறிச்சோடிவிடும். இந்தக் கருத்தை அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். கனடாவின் டொராண்டோ நகரில் 1989-இல் தொடங்கிய பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை முறையில், பெண்களே இருட்டிய பின் கூட்டாக நடந்து சென்று எரியாத விளக்கு, புதர், மறைவான மூலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார்கள். எந்தக் குடியிருப்போர் சங்கமும் இதைச் செலவின்றிச் செய்யலாம். சென்னையில் விளக்குக் கம்பத்திலுள்ள எண்ணைக் குறிப்பிட்டு 1913 என்ற தொலைபேசி எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. மதுக்கடையை ஒட்டிய தொல்லைக்கு இட விதி ஒன்று துணைநிற்கிறது: கல்வி நிலையம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், பிற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது.

ஊரே கூடி ஒருவனைக் கம்பத்தில் கட்டி அடிப்பது தீர்வாகாது. அடித்தவர்கள் மீதும் வழக்கு வரும், மூல வழக்கும் பலவீனப்படும். கேலி செய்தான் என்ற பேச்சைச் சாதி மோதலாக்குவதும், பேசிக்கொண்டிருந்த ஆணையும் பெண்ணையும் மிரட்டுவதும் பெண்ணைக் காப்பதில் சேராது. தெருக்காவல் குழு அமைப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டும். தொல்லை தந்தவர் 18 வயது நிறையாத சிறுவனானால், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி அவன் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான். அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோருக்கு அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, தேவையெனில் சிறப்பு இல்லத்தில் தங்கவைத்தல் ஆகியவை குழுமம் பிறப்பிக்கக்கூடிய உத்தரவுகள்.